நாற்பது நாழிகை விரதம்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். "சார், உடம்பு குறைய தினமும் 16 மணி நேரம் சாப்பிடாம இருக்கறனுங்க. போன்ல ஒரு ஆப் கணக்கு வைக்குது. நைட் ஷிப்ட் வந்தா கணக்கே குழம்பிப் போகுது. முந்தாநாள் மெஷின்லயே கண்ணைக் கட்டிருச்சு. எப்படிக் கணக்கு வைக்கறது?" என்றான்.

அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. அவனுடைய 16 மணி நேரம் சரியாக 40 நாழிகை. நம் பெரியவர்கள் ஏகாதசி விரதத்தைப் பஞ்சாங்கம் பார்த்தே இருந்தார்கள். தொடங்கும் நாளை மட்டுமல்ல, மறுநாள் துவாதசியில் பாரணை செய்யும் நேரத்தையும் பார்த்தார்கள். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காயோடு உரிய நேரத்தில் சாப்பிட்டால்தான் விரதம் நிறைவு.

அதிலும் இரண்டு முறை உண்டு. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிப்பது. திருக்கணிதம் வானில் கோள்கள் நிற்கும் நிலையோடு ஒத்துப்போவது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்ததைப் பற்றி நூல் எழுதியவர். பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று அவர் வாதாடினார். இன்றும் இரண்டும் அச்சாகின்றன. சில சமயம் ஏகாதசியே வேறு வேறு நாளில் வரும். ஆனால் ஒரு வீட்டில் ஒன்றைத்தான் பின்பற்றுவார்கள்.

ரமலான் நோன்புக்கு விடியலும் சூரிய மறைவும் எல்லை. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 354 நாள் என்பதால் நோன்பு ஆண்டுதோறும் 11 நாள் அளவு முன்னால் வரும். ஊருக்கு ஊர் நேர அட்டவணை மாறும். நோயாளிக்கும் பயணிக்கும் அந்த நோன்பில் சலுகை உண்டு. இதை நான் அழுத்திச் சொன்னேன்.

"கண்ணு, சர்க்கரைக்கு மாத்திரை போடறயா?"

"ஆமாங் சார்."

"அப்ப முதல்ல டாக்டரைப் பாரு. அப்புறம் கடிகாரத்தைப் பாரு."

ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று கோடு போட்டுக் கொடுத்தேன். கடைசி வாய் சாப்பிட்ட நேரம், அடுத்த முதல் வாய் நேரம், உடம்பு எப்படி இருந்தது. ஷிப்ட் எது மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது. அவனுடைய ஆப்பில் மூன்றாவது கட்டமே இல்லை.

நேற்று போன் செய்தான். டாக்டர் இப்போதைக்கு விரதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நோட்டை மட்டும் விடாமல் எழுதுகிறானாம்.

உங்கள் வீட்டில் எந்தக் கணக்கு? கீழே எழுதுங்கள்.