காயலான் கடைக்குத் தப்பிய மணி

1751ஆம் ஆண்டு நவம்பரில் பிலடெல்பியாவிலிருந்து லண்டனுக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் ஐசக் நாரிஸ், பென்சில்வேனியா சட்டமன்றத்தின் சபாநாயகர். அமெரிக்கா என்றொரு நாடு அப்போது கிடையாது. பென்சில்வேனியா பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட குடியேற்றம். சட்டமன்ற மாளிகையின் கோபுரத்துக்கு சுமார் 2,000 பவுண்டு எடையில் நல்ல மணி ஒன்று வேண்டும் என்று நாரிஸ் கேட்டிருந்தார். அதைச் சுற்றி பைபிளின் லேவியராகமத்திலிருந்து ஒரு வசனத்தையும் பொறிக்கச் சொன்னார். நாட்டின் குடிகள் எல்லோருக்கும் விடுதலையை அறிவிக்கச் சொல்லும் வசனம். அடிமைகளை விற்கவும் வாங்கவும் செய்த ஊர் அது. அந்த ஒரு வரி பிற்காலத்தில் தன் வேலையைக் காட்டப்போகிறது.

மறு ஆண்டு மணி கப்பலில் வந்து இறங்கியது. புகழ்பெற்ற வைட்சாப்பல் பட்டறையின் வார்ப்பு; பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஓசை எப்படி என்று பார்க்கத் தொங்கவிட்டு, நாக்கால் ஓர் அடி அடித்தார்கள். அந்த ஓர் அடியில் மணி வெடித்தது. திருப்பி அனுப்பிவிடலாம் என்றால், கப்பல் தலைவர் ஏற்றிக்கொள்ள முடியாது என்றுவிட்டார். கையைப் பிசைந்து நின்ற நேரத்தில் உள்ளூர் வார்ப்புக்காரர்கள் இருவர் முன்வந்தார்கள். ஒருவர் ஜான் பாஸ், மற்றவர் ஜான் ஸ்டோ.

லண்டன் உலோகம் எளிதில் நொறுங்கும் வகை என்று இருவரும் முடிவு கட்டினார்கள். மணியை உடைத்து உருக்கி, பவுண்டுக்கு ஒன்றரை அவுன்சு வீதம் செம்பு கூட்டி வார்த்தார்கள். 1753 வசந்தத்தில் அதைக் கோபுரத்தில் ஏற்றியபோது இறைச்சி, ரம், பீப்பாய் பீர் என்று விருந்தே நடந்தது. மணியை அடித்தார்கள். வெடிக்கவில்லை. ஆனால் அதிலிருந்து வந்ததை மணியோசை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஊர்க்காரர்களின் கேலி பொறுக்காமல், இன்னொரு முறை வார்த்துத் தருகிறோம் என்று பாஸும் ஸ்டோவும் தாங்களாகவே கேட்டுக்கொண்டார்கள். மறுபடி உருக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். நாரிஸுக்கு அப்போதும் திருப்தி இல்லை. லண்டனிலிருந்து இன்னொரு மணியைத் தருவித்தார். அதன் ஓசையும் ஒன்றும் உசத்தி இல்லை. வேறு வழியின்றி உள்ளூர் மணியே கோபுரத்தில் நிலைத்தது. 1772ல், ஓயாமல் அடித்துத் தொல்லை தருகிறது என்று அக்கம்பக்கத்தார் மனுவே கொடுத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, அது அடித்தே ஆகவேண்டிய ஒரு நாள் வந்தது.

1776 ஜூலை 4. சுதந்திரப் பிரகடனம் அந்தக் கட்டடத்தில்தான் நிறைவேறியது. ஆனால் அன்று பிரகடனத்தை யாரும் பொதுமக்களுக்கு அறிவிக்கவில்லை. ஜூலை 8 அன்றுதான் ஜான் நிக்சன் என்பவர் மாளிகை முற்றத்தில் நின்று அதை உரக்கப் படித்தார். ஊரின் மணிகள் முழங்கின. அவற்றோடு இந்த மணியும் சேர்ந்துகொண்டதா என்பதற்குச் சான்று இல்லை. அதைத் தாங்கிய மரக்கோபுரம் அப்போதே உளுத்துப்போயிருந்தது. ஒரு நாடு பிறந்த கட்டடத்தின் உச்சியிலேயே இருந்தும் அந்தக் கதையில் மணிக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அதன் உயிருக்கே ஆபத்து வந்தது.

1777 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவை நெருங்கியது. மணிகள் கையில் கிடைத்தால் பீரங்கிகளாகிவிடும் என்ற பயத்தில் ஊரின் மணிகளை எல்லாம் வண்டியேற்றினார்கள். பெத்லகேம் என்ற ஊரில் வண்டி முறிந்தது. சுமையை வேறு வண்டிக்கு மாற்றி, இன்று ஆலன்டவுன் எனப்படும் ஊரின் தேவாலயத் தரைக்கடியில் ஒளித்து வைத்தார்கள். பகைவனிடமிருந்து தப்பி மறு ஆண்டு ஊர் திரும்பிய மணியை, அரை நூற்றாண்டு கழித்துச் சொந்த ஊரே விற்கத் துணிந்தது.

1828ல் நகர நிர்வாகம் கோபுரத்தைப் புதுப்பித்து, பெரிய புது மணிக்கு ஜான் வில்பேங்க் என்ற வார்ப்புக்காரரிடம் ஒப்பந்தம் போட்டது. பழைய மணியை 400 டாலருக்குக் கழித்துக்கொண்டு அவரே எடுத்துப்போக வேண்டும் என்று ஏற்பாடு. நம்மூர் கணக்கில் சொன்னால், காயலான் கடைக்கு எடை போட்டாகிவிட்டது. வில்பேங்க் கணக்குப் போட்டுப் பார்த்தார். மணியின் விலையைவிட அதை இறக்கி இழுத்துப்போகும் வண்டிக்கூலி அதிகம்! வேண்டாம் என்று விட்டுவிட்டார். எடுத்துப் போ என்று நகரம் வழக்கே தொடுத்தது. கடைசியில் வழக்குச் செலவை அவர் தலையில் கட்டி, மணி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடித்தார்கள். உலக வரலாற்றில் வண்டிக்கூலி செய்த மிகப்பெரிய உபகாரம் இதுதான் என்பேன். நாரிஸ் பொறித்த வசனத்தை ஊன்றிப் படிக்கும் கண்கள் வரும்வரை அது மணியைக் காப்பாற்றி வைத்தது.

அந்தக் கண்கள் அடிமை ஒழிப்பு இயக்கத்தாருடையவை. எல்லோருக்கும் விடுதலை என்று நெற்றியில் எழுதிக்கொண்டு, அடிமைகளைக் கட்டிவைத்திருக்கும் நாட்டில் தொங்கும் மணி! 1835ல் அவர்களின் இதழ் ஒன்று அதற்குப் புதுப் பெயர் சூட்டியது. பிறகு அவர்கள் அதே பெயரில் ஆண்டு மலரும் நடத்தினார்கள். பெயர் கிடைத்துவிட்டது, குரல் போகும் காலம் வந்தது.

மணியில் எப்படியோ ஒரு மெல்லிய விரிசல் விழுந்திருந்தது. 1846 பிப்ரவரியில் வாஷிங்டன் பிறந்தநாளுக்கு அடிக்க வேண்டும் என்பதால், விளிம்புகள் உரசாதபடி விரிசலை இழைத்து அகலப்படுத்தினார்கள். இன்று எல்லோரும் படம் பிடிக்கும் அந்த அகலப் பிளவு இந்தப் பழுதுபார்ப்பு வேலைதான். அன்று காலை நன்றாகவே ஒலித்தது. நண்பகல் வாக்கில் பிளவின் உச்சியிலிருந்து இன்னொரு கீறல் மேலே ஏறியது. மணி நிரந்தரமாக ஊமையானது. ஓராண்டுகூட ஆகவில்லை, ஓர் எழுத்தாளன் அதற்குப் பேச்சுக் கொடுத்தான்.

ஜார்ஜ் லிப்பார்டுக்கு வயது 24. பரபரப்பு நாவல்கள் எழுதுபவர், எட்கர் ஆலன் போவின் நண்பர். 1847 ஜனவரியில் ஒரு பத்திரிகையில் அவர் கதை ஒன்று வெளிவந்தது. நாள் 1776 ஜூலை 4. கோபுரத்தில் மணியின் அருகே நரைத்த கிழவர் ஒருவர் காத்திருக்கிறார். பிரகடனம் நிறைவேறியதா என்று தெரிந்துவரச் சிறுவன் ஒருவனைக் கீழே அனுப்பியிருக்கிறார். நேரம் போகிறது, பையனைக் காணோம். கிழவர் நம்பிக்கை இழக்கும் வேளையில் கீழிருந்து பையனின் குரல்: அடியுங்கள்! கிழவர் ஓங்கி அடிக்கிறார், ஒரு நாடு பிறக்கிறது. முழுக்க முழுக்கக் கற்பனை. ஆனால் பென்சன் லாசிங் என்ற வரலாற்று எழுத்தாளர் அதை நடந்த சம்பவமாகவே தன் நூலில் சேர்த்தார், பாடப்புத்தகங்கள் பின்தொடர்ந்தன. தன் கட்டுக்கதை வரலாறாக வளர்ந்ததை லிப்பார்டு அதிக நாள் பார்க்கவில்லை. 31 வயதில் காசநோய் அவரைக் கொண்டுபோனது.

400 டாலருக்குப் போகாத மணியை 1852ல் கோபுரத்திலிருந்து இறக்கிக் காட்சிக்கு வைத்தார்கள். 1885லிருந்து ரயிலேறி நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ என்று ஊர் ஊராகப் போனது. போன இடமெல்லாம் கூட்டம். நினைவுப்பொருளுக்காக விளிம்பைச் செதுக்கி எடுத்தவர்களும் உண்டு. 1915ல் சான் பிரான்சிஸ்கோ வரை போய்த் திரும்பிய பிறகு, இனி தாங்காது என்று வெளியூர்ப் பயணத்தை நிறுத்திவிட்டார்கள். அடிமை ஒழிப்பாளர்கள் சூட்டிய பெயர் அதற்குள் உலகறிந்த பெயராகிவிட்டது. அமெரிக்காவின் லிபர்ட்டி பெல், சுதந்திர மணி, அதுதான்.

1970களில் குறும்புக்காரச் சங்கம் ஒன்று, விற்ற மணியில் விரிசல் என்று வைட்சாப்பல் பட்டறையிடம் முறையிட்டது. பழைய பெட்டியோடு கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம் என்றது பட்டறை.

2003லிருந்து மணிக்குத் தனிக் கட்டடம். அதன் வாசலிலேயே, ஜனாதிபதி வாஷிங்டன் அடிமைகளோடு குடியிருந்த வீட்டின் மனை. கோடையில் அந்த வட்டாரத்தில் ஆங்காங்கே பெஞ்சுகளில் கதைசொல்லிகள் உட்கார்ந்து, நாடு பிறந்த கதைகளைக் காசு வாங்காமல் சொல்கிறார்கள். ஒவ்வொரு ஜூலை 4 அன்றும், பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களின் வழிவந்த பிள்ளைகள் மணியைத் தட்டும் சடங்கு நடக்கிறது. உண்மையில் அறிவிப்பு வந்த ஜூலை 8ஐ விட்டுவிட்டு, லிப்பார்டு எழுதிய தேதியைத்தான் இந்தச் சடங்கு பிடித்துக்கொண்டது.