பரணில் கிடக்கும் வரலாறு
(பழைய செய்தித்தாள்களைப் பிரிப்பதும் காப்பதும் கொடுப்பதும்)

தமிழ்நாட்டை விட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறையாக வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில், தீபாவளிக்கு முன்பும் வீடு மாற்றும்போதும் தவறாமல் ஒரு கேள்வி எழும். "இந்தப் பழைய பேப்பரையெல்லாம் எடைக்குப் போட்டுடலாமா?" என்பதே அது. வீட்டுப் பெரியவர் "இருக்கட்டும்" என்பார். மற்றவர்கள் "இடம் எங்கே இருக்கு?" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இக்கேள்விக்கு நம் பழைய வரலாற்றிலேயே விடை இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பல்கலைக்கழகத்தில் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, 1978-ல் மும்பைக்கு வந்து, மாட்டுங்காவில் பாத்திரக்கடை நடத்துகிறவன். பாத்திரக்கடைக்கும் பழைய பேப்பருக்கும் உள்ள உறவு அன்பர்களுக்குத் தெரிந்ததே. குடமானாலும் குத்துவிளக்கானாலும் தாளில் சுற்றாமல் வெளியே போகாது. வாரம் ஒருமுறை ரத்திவாலாவிடம் கட்டுக்கட்டாக வாங்குவோம். அந்தக் கட்டுகளைப் பிரித்துப் படித்ததுதான் என் படிப்பு.

எடைக் கணக்கு

முதலில் வியாபாரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பதினாறு பக்க நாளிதழ் ஒன்றின் ஓராண்டுத் தாள்களை என் கடைத் தராசில் நிறுத்தேன். 30 கிலோவை ஒட்டி வந்தது. இருபது ஆண்டு சேர்த்தால் 600 கிலோ. ஒரு சமையலறை, ஒரு கூடம், ஒரு படுக்கையறை உள்ள வீட்டில் இதை வைத்துக்கொண்டு யாரும் குடித்தனம் நடத்த முடியாது. ஆகவே 'எல்லாவற்றையும் வைத்திரு' என்பது நடக்காத காரியம். அதற்காக 'எல்லாவற்றையும் தள்ளிவிடு' என்றால் என்ன ஆகும்? அதை அறிய ஓலைச்சுவடிகளின் கதைக்குப் போக வேண்டும்.

ஏடுகள் போன வழி

சென்ற நூற்றாண்டுகளில் நம் வீடுகளின் பரணில் கிடந்தவை ஏட்டுச்சுவடிகள். படிப்பார் இல்லாதபோது அவற்றை ஆற்றில் விட்டதும் நெருப்பில் இட்டதும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைச் சாத்திர முறை என்று சொல்லி நெய்யில் தோய்த்துத் தீயிலிட்டுவிட்டதாகக் கேட்டு உ.வே. சாமிநாதையர் நொந்துபோனதை அவரே எழுதியிருக்கிறார். எரித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பழுதான ஏட்டை மரியாதையாக அகற்றுகிறோம் என்றே நினைத்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1880-ல் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்ட, சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அதன் சமணக் கருத்துகள் விளங்காமல் தவித்தபோது, கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டார். சந்திரநாத செட்டியார் முதலானோர் வழிவழியாகப் படித்து வந்ததை அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். 1887-ல் சிந்தாமணி அச்சேறியது. அந்தச் சில வீடுகளில் ஏடு மட்டும் இருந்து படிப்பு இல்லாமற் போயிருந்தால் பயன் பாதிதான். படிப்பு இருந்து ஏடு போயிருந்தாலும் அப்படியே. பொருளும் அதை அறிந்தவரும் ஒரே வீட்டில் இருந்ததால்தான் காரியம் நடந்தது.

ஏடு இருந்த இடத்தில் இன்று செய்தித்தாள் இருக்கிறது. ஏட்டுக்கு இருந்த மதிப்புகூட அதற்கு இல்லை என்பதே வேறுபாடு. மறுநாள் காலையில் அது பொட்டலம் ஆகிவிடுகிறது.

பழைய தாள் செய்த உபகாரம்

ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899-ல் நாளிதழாயிற்று. 1904-ல் பாரதியார் அதில் வேலைக்குச் சேர்ந்தார். 1906-ல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அவர் எழுதிக் குவித்தார். 1908-ல் அடக்குமுறை வந்தபோது புதுச்சேரிக்குப் போய், 1910 வரை அங்கிருந்து அவ்விதழ் வெளிவந்தது. இவற்றில் வந்தவை பலவும் அவர் வாழ்நாளில் நூலாகவில்லை. ரா.அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன், ஆ.இரா. வேங்கடாசலபதி போன்றோர் பழைய இதழ்களைத் தேடித் தேடி எடுத்ததால்தான் பாரதியின் உரைநடை முழுமையாக நமக்குத் தெரிகிறது. சீனி. விசுவநாதன் கால வரிசையில் தொகுத்த பாரதி படைப்புகள் 23 தொகுதிகளாக 2024 டிசம்பரில் வெளியிடப்பட்டன. ஒரு மனிதரின் ஆயுட்கால உழைப்பு அது. அதற்கு மூலதனம் யாரோ எடைக்குப் போடாமல் வைத்த தாள்கள்.

'என் சரித்திரம்' நூலும் அப்படித்தான். 1940-ல் 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்தது. 1942-ல் ஐயரவர்கள் காலமானார்கள். நூலாக வெளிவந்தது 1950-ல். இடைப்பட்ட ஆண்டுகளில் அது இருந்த இடம் விகடனைக் கிழிக்காமல் வைத்திருந்தவர்களின் வீடுகள்.

இன்னொரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் அரசு மொழிபெயர்ப்பாளர்களை வைத்து, சுதேச மொழிப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று இரகசியச் சுருக்கம் தயாரித்தது. மூல இதழ் அழிந்துபோன இடங்களில் ஆராய்ச்சியாளர்கள் இன்று அந்தச் சுருக்கங்களைத்தான் நாடுகிறார்கள். நம்மவர் எழுதியதை நம்மவர் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களைச் சந்தேகப்பட்ட சர்க்கார் வைத்திருந்தது!

நம் சொந்த வரலாறு எங்கே?

பெரிய மனிதர்கள் விஷயம் கிடக்கட்டும். வெளிமாநிலத் தமிழர்களாகிய நம் கதை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எந்த ஆண்டு எந்தப் பேட்டையில் தமிழ் வகுப்பு தொடங்கியது, மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழிப் பிரிவு கேட்டு யார் மனுக் கொடுத்தார்கள், 1960-களின் இறுதியில் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சி நடந்தபோது நம் குடும்பங்கள் எப்படி நாளைக் கடத்தின என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லை. மூலைப் பத்தியில் வந்த நாலு வரிச் செய்தியிலும், வாசகர் கடிதத்திலும், சங்கத்தின் துண்டறிக்கையிலும், ஆண்டு மலரிலும்தான் இருக்கிறது.

எங்கள் பகுதியில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் இருந்தார். அந்தக் காலத்தில் சென்னைப் பதிப்பு ரயிலில் வந்து மறுநாள்தான் கைக்குக் கிடைக்கும். அதை வாங்கி, மும்பைத் தமிழர் பற்றிய செய்தி எது வந்தாலும் வெட்டி வைப்பார். அவர் காலமான பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பிள்ளைகள் வீட்டை ஒழித்தார்கள். நான் கேள்விப்பட்டுப் போவதற்குள் மூட்டைகள் ரத்திவாலா கடையிலிருந்தும் போய்விட்டன. "ஐயா, இதெல்லாம் ஒருத்தருக்கு வேணும்னு எங்களுக்குத் தெரியாதே" என்று அவருடைய மூத்த மகன் வருத்தப்பட்டார். அலமாரிக்கு அடியில் தப்பிக் கிடந்த ஒரு கோப்பை எனக்குக் கொடுத்தார்.

அதில் ஒரு துணுக்கு, இப்பகுதியில் நடந்த தமிழ் இரவு வகுப்பைப் பற்றியது. தேதியும் இல்லை, பத்திரிகையின் பெயரும் இல்லை. திருப்பிப் பார்த்தேன். பின்புறம் 'திருவிளையாடல்' படத்தின் விளம்பரம், 'வெற்றிகரமான 10-வது வாரம்' என்று இருந்தது. அப்படம் வெளியானது 1965 ஜூலை 31. பத்தாவது வாரம் என்றால் அக்டோபர் முதல் வாரம். ஆக 1965 அக்டோபரில் இங்கே இரவு வகுப்பு நடந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று. அந்த வகுப்பை நடத்தியவர் யார், எத்தனை பேர் படித்தார்கள் என்பது எடைக்குப் போன மூட்டையோடு போயிற்று.

தாளின் ஆயுள்

செய்தித்தாள் நீண்ட நாள் இருக்கப் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காகிதம் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது. பிறகு மரக்கூழ் வந்தது. மரத்தை அரைத்துச் செய்யும் மலிவான தாளில் லிக்னின் என்னும் பொருள் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகும். காலப்போக்கில் அமிலம் ஏறித் தாள் அப்பளம்போல் நொறுங்கும். அதனால்தான் 1830-ல் அச்சிட்ட புத்தகம் வெள்ளையாகவும் 1930-ல் வந்த பத்திரிகை பழுப்பாகவும் இருப்பதைக் காண்கிறோம். நம் நாட்டில் 1950-களில் மத்தியப் பிரதேசத்து நேபாநகர் ஆலை செய்தித்தாள் காகிதம் செய்யத் தொடங்கியது. 1979-ல் நிறுவப்பட்ட தமிழ்நாட்டு ஆலை கரூர் அருகே காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்தே அதைச் செய்து காட்டியது. எந்தக் கூழானாலும் ஈரமும் வெயிலும் அதற்கு எதிரிகளே.

நான்கு குவியல்

வீட்டில் உள்ளதைப் பிரிக்க நான் கைக்கொள்ளும் முறை இது.

முதல் குவியல், முழுத் தாளாக வைக்க வேண்டியவை: 1947 ஆகஸ்ட் 15, காந்தியடிகள் மறைவுச் செய்தி வந்த 1948 ஜனவரி 31, மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் 1, தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964 டிசம்பர், அண்ணா மறைந்த 1969 பிப்ரவரி போன்ற நாள்களின் இதழ்கள். ஒரு வீட்டில் இவை ஒரு சாண் உயரத்துக்கு மேல் இரா.

இரண்டாவது, வெட்டி வைக்க வேண்டியவை: நம் ஊர், நம் சங்கம், நம் உறவினர், நம் தொழில் பற்றியவை. வெட்டியவுடன் ஓரத்தில் பென்சிலால் இதழின் பெயர், பதிப்பு, தேதி எழுத வேண்டும். எழுதாத துணுக்கு முகவரி இல்லாத கடிதம் மாதிரி. எல்லாருக்கும் பின்பக்கத்தில் திருவிளையாடல் கிடைக்காது!

மூன்றாவது, மற்றவர்க்குக் கொடுக்க வேண்டியவை: நின்றுபோன சிற்றிதழ்கள், தொடர்கதைக் கட்டுகள், தீபாவளி மலர்கள், சங்க மலர்கள். நமக்குப் பயன்படாவிட்டாலும் ஒரு நூலகத்துக்குப் பயன்படும்.

நான்காவது, எடைக்குப் போட வேண்டியவை. மனச்சுமை இல்லாமல் போடுங்கள். பெரிய நாளிதழ்களின் பிரதிகளைப் பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1956-ல் திருத்தி விதி செய்திருக்கிறார்கள். சென்னைக் கன்னிமாரா நூலகமும் கல்கத்தா தேசிய நூலகமும் அவ்வகையில் பெறுபவை. நேற்றைய தினசரியை நீங்கள் காக்க வேண்டியதில்லை. சங்கத்தின் துண்டறிக்கையைத்தான் உங்களைத் தவிரக் காப்பார் இல்லை.

சுருத பஞ்சமியும் பூச்சிகளும்

சமணர்களுக்குச் சுருத பஞ்சமி என்று ஒரு நாள் உண்டு. புஷ்பதந்தர், பூதபலி என்னும் ஆசாரியர்கள் ஷட்கண்டாகமத்தை எழுதி முடித்த நாள் என்பது மரபு. அன்று ஏடுகளை வெளியே எடுத்து, தூசு தட்டி, பழைய துணியை மாற்றிப் புதுத்துணி சுற்றிப் பூசிப்போம். இந்நாள் மே கடைசியிலோ ஜூனிலோ வரும். அதாவது பருவமழைக்குச் சற்று முன்னால். மழை பிடித்துவிட்டால் ஏட்டைக் காற்றாட விட முடியாது என்பதை முன்னோர் அறிந்தே இருந்தார்கள் என்று நான் கருதுகிறேன். மும்பை மழையில் நாலு மாதம் ஊறும் நமக்கு இதைவிட நல்ல நாள்காட்டி வேண்டாம்.

உயிர்க்கொலை எங்களுக்கு ஆகாது. ஆகவே பூச்சி வந்தபின் மருந்தடிப்பதைவிட வராமல் பார்ப்பதே எங்கள் வழக்கம். இராமபாணப் பூச்சிக்கு வேண்டியது இருட்டும் ஈரமும் தூசியும். ஆண்டுக்கு இரண்டு முறை பிரித்து நிழலில் உலர்த்தினால் அது தங்காது. தாள்களை மடிக்காமல் படுக்கையாக அடுக்குங்கள். இரும்புக் குண்டூசி துருப்பிடிக்கும்; ரப்பர் வளையம் உருகி ஒட்டும்; செல்லோ டேப் பழுப்புக் கறை விடும்; மூன்றும் வேண்டாம். லேமினேஷன் செய்தால் பிறகு பிரிக்க வராது. பருத்தித் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வையுங்கள். பெட்டியைத் தரையோடும் வெளிச்சுவரோடும் ஒட்டாமல் வையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது நல்லதே. படத்தின் பெயரிலேயே தேதியையும் குறித்து விடுங்கள்.

மிகுபொருள் விரும்பாமையும் சாத்திர தானமும்

"சமணர் அல்லவா, பற்று கூடாது என்பீர்களே, பேப்பர் மேல் இவ்வளவு பற்றா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. மிகுபொருள் விரும்பாமை எங்கள் ஐந்து விரதங்களில் ஒன்று. இல்லறத்தாருக்கு அது ஓர் அளவு வைத்துக்கொள்வது. என் அளவு நான்கு தகரப் பெட்டி. ஐந்தாவது பெட்டிக்குத் தேவை வந்தால் ஏதோ ஒன்றைக் கொடுக்கும் வேளை வந்துவிட்டது என்று பொருள்.

கொடுப்பதற்கும் மரபு இருக்கிறது. உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் என்ற நான்கு தானங்களில் சாத்திர தானமும் ஒன்று. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே என்னும் அம்மையார், பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் பிரதி எழுதுவித்துக் கொடுத்தார் என்பது வரலாறு. நம் காலத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு இதழ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற, 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. எத்தனையோ ஆய்வேடுகளுக்கு அங்கிருந்துதான் சான்று கிடைக்கிறது.

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து நான்கு குவியலாகப் பிரியுங்கள். எது ஏன் வைக்கப்பட்டது என்று அவருக்குத்தான் தெரியும். அதைக் கேட்டுத் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். தமிழ் படிக்க வராத பேரப்பிள்ளைகள் உள்ள வீடானால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதினாலும் குற்றமில்லை. இரண்டு, ஒவ்வொரு தமிழ்ச் சங்கமும் தன் நூலகத்தில் ஒரு பீரோவை ஒதுக்கி, தன் அறிக்கைகளையும் மலர்களையும் உறுப்பினர் தரும் துணுக்குகளையும் தேதிவாரியாக வைக்கட்டும். செலவு ஒரு பீரோவும் ஒரு பதிவேடும்தான். இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து, "இந்த ஊரில் தமிழர் எப்படி வாழ்ந்தார்கள்?" என்று கேட்டு வருபவருக்கு அந்தப் பீரோவைத் திறந்து காட்டலாம்.