பேறுகாலத்துக்கு ஒரு புத்தக அலமாரி

ஒரு வீட்டில் பெண் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி தெரிந்தவுடன் அறிவுரைகள் வரிசையாக வந்து சேரும். பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, மல்லாந்து படுக்கக் கூடாது என்று அந்தப் பட்டியல் நீளும். புத்தகக் கடைகளில் தேடினாலும், மாதவாரியாக உடல் மாற்றங்களை விளக்கும் மருத்துவக் கையேடுகளும் குழந்தைப் பெயர்த் தொகுப்புகளுமே பெரும்பாலும் கிடைக்கின்றன. நடுவே, அப்பெண் மனமகிழ்ந்து படிக்க என்ன இருக்கிறது? என்னிடம் பயின்ற மாணவியர் சிலர் இந்தக் கேள்வியைக் கேட்டதுண்டு.

பொருளியல் ஆசிரியரிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று தோன்றலாம். மருத்துவத்தில் தகவல் ஒரு தரப்பில் குவிந்திருப்பதே அதன் தனித்தன்மை என்று கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் நவீன சுகாதாரப் பொருளியல் தொடங்குகிறது. அந்த இடைவெளியைக் கட்டளைகள் குறைப்பதில்லை. காரணங்களும் அனுபவங்களுமே குறைக்கின்றன. அவற்றைச் சுவையாகச் சொல்லும் நூல்கள் சிலவற்றை இங்கே அறிமுகப்படுத்த விரும்புகிறேன். இவற்றைப் படிக்க மருத்துவ அறிவு தேவையில்லை.

முதலாவது, வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் உல்ரிச் எழுதிய 'எ மிட்வைஃப்ஸ் டேல்'. அமெரிக்காவின் மெய்ன் பகுதியில் வாழ்ந்த மார்த்தா பல்லார்ட் என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் பார்த்த பிரசவங்கள் 816. உறைந்த ஆற்றைக் கடந்து நள்ளிரவில் சென்றது, பெற்ற கூலி, நெசவு, தோட்டம் என அனைத்தும் அதில் உண்டு. வெறும் அன்றாட விவரம் என்று முந்தைய ஆய்வாளர்கள் ஒதுக்கிய அந்தக் குறிப்புகளிலிருந்து, கணக்கில் வராத பெண்களின் உழைப்பால் ஓர் ஊரின் பொருளாதாரமே இயங்கியதை உல்ரிச் காட்டினார். 1990-இல் வெளியான இந்நூல் மறு ஆண்டு புலிட்சர் பரிசைப் பெற்றது.

கதைபோல் படிக்க விரும்புவோருக்கு ஜெனிஃபர் வொர்த்தின் 'கால் தி மிட்வைஃப்' ஏற்றது. விலங்கு மருத்துவர்களுக்கு ஜேம்ஸ் ஹெரியட் செய்ததைப் பேறுகாலச் செவிலியர்களுக்கு யாரும் செய்யவில்லையே என்று 1998-இல் ஒரு துறைசார் இதழில் வெளியான கட்டுரை கேட்டது. அதற்கு விடையாக 2002-இல் வந்தது இந்நூல். 1950-களில் லண்டனின் துறைமுகத்தை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகளில், கிறிஸ்தவக் கன்னியருடன் தங்கி, மிதிவண்டியில் சென்று பிரசவம் பார்த்த நினைவுகள் இவை. குறைமாதத்தில் பிறந்த குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்ப மறுத்துத் தன் மார்போடு அணைத்தே காப்பாற்றிய, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்ற தாயொருத்தியை இதில் சந்திக்கிறோம். 'கங்காரு முறை' என்று இன்று நம் மருத்துவமனைகளில் கற்றுத்தரப்படுவதும் இத்தகைய அணைப்புதான்.

அறுவை மருத்துவர் ஷெர்வின் நூலண்டின் 'தி டாக்டர்ஸ் பிளேக்' துப்பறியும் கதையின் விறுவிறுப்புடையது. வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுகளுள் மருத்துவச்சிகள் பணியாற்றிய பிரிவைவிட, மருத்துவர்கள் பணியாற்றிய பிரிவில் தாய்மார்கள் மிகுதியாக இறந்தனர். பிணக்கூறாய்வு செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்த்ததே காரணம் என்று 1847-இல் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் கண்டார். குளோரின் கரைசலில் கைகழுவச் செய்தவுடன் இறப்புகள் சரிந்தன. எனினும் தங்கள் கையே காரணம் என்பதைப் பலர் ஏற்க மறுத்தனர். இறப்புகளைப் பற்றிப் பேசுவதால், இந்நூலை அப்பெண்ணைவிட அவளுடைய கணவரும் வீட்டாரும் படிப்பது நலம்.

அதுல் கவாண்டேயின் 'பெட்டர்' நூலில் பிரசவம் பற்றிய ஓர் அத்தியாயம் உண்டு. பிறந்த குழந்தையின் நிலையைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிடும் முறையை 1953-இல் வெளியிட்டவர் வர்ஜீனியா அப்கார். அந்த எளிய எண், குழந்தைகளைக் காப்பாற்றும் முயற்சியையே முடுக்கிவிட்டது. ஆயுதப் பிரசவத்துக்கு வேண்டிய கைத்திறனை எல்லா மருத்துவருக்கும் ஒரே அளவில் கற்பிப்பது கடினம். சிசேரியனைக் கற்பிப்பது எளிது. நம்பகத்தன்மைக்காகக் கலை கைவிடப்பட்ட கதையைக் கவாண்டே நடுநிலையுடன் சொல்கிறார்.

இது நமக்கு நெருக்கமான செய்தி. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. இது பெருமைக்குரியது. அதே ஆய்வின்படி 44.9 சதவீதம் சிசேரியன் மூலம் நிகழ்கின்றன. அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8 சதவீதம். ஒவ்வோர் அறுவையும் தேவையற்றது என்று கூற எனக்குத் தகுதியில்லை. ஆனால், 'ஏன்' என்று கேட்கும் துணிவு அந்தப் பெண்ணுக்கு இருக்க வேண்டாமா?

அத்துணிவை ஊட்டும் நூல், பொருளியல் பேராசிரியர் எமிலி ஆஸ்டர் 2013-இல் எழுதிய 'எக்ஸ்பெக்டிங் பெட்டர்'. தாம் கருவுற்றபோது கேட்ட ஒவ்வொரு 'கூடாது'க்கும் பின்னுள்ள ஆய்வுத் தரவுகளைத் தேடிச் சென்றார் அவர். காபி குறித்த அச்சம் மிகையானது என்கிறார். மது பற்றி அவர் கூறியதை மருத்துவர்கள் பலர் கடுமையாக எதிர்த்தனர். அவ்விஷயத்தில் மருத்துவர் சொல்வதைக் கேட்பதே முறை. முடிவுகளைவிட, சான்றை எடைபோடும் வழியைக் கற்பதற்காகவே இந்நூலைப் பரிந்துரைக்கிறேன்.

வாய்விட்டுச் சிரிக்க வேண்டுமென்றால் அயர்லாந்து எழுத்தாளர் ஆன் என்ரைட்டின் 'மேக்கிங் பேபீஸ்' (2004) இருக்கிறது. பின்னாளில் புக்கர் பரிசு பெற்ற அவர், தாய்மையின் வியப்பையும் களைப்பையும் பூசிமெழுகாமல் எழுதியிருக்கிறார்.

நம் மண்ணைப் பற்றியதும் ஒன்றுண்டு. மானுடவியலாளர் சிசிலியா வான் ஹோலன் 1990-களில் தமிழ்நாட்டில் தங்கி, ஏழைப் பெண்களின் பிரசவ அனுபவங்களைக் கேட்டு எழுதிய 'பர்த் ஆன் தி திரெஷோல்ட்' 2003-இல் வெளியானது. பிரசவ வலியைச் சக்தியோடு இணைத்துப் பேசும் நம் பெண்களின் மொழியை அவர் கூர்ந்து கவனித்தார். தமிழில் 'வலி' என்ற சொல்லுக்கே நோவு, வலிமை என இரு பொருளும் உண்டல்லவா? அப்பெண்கள் நவீன மருத்துவத்தை வெறுக்கவில்லை. பிரசவ அறையில் ஏச்சின்றி, மரியாதையோடு நடத்தப்படவே விரும்பினர்.

இவற்றுள் எதுவும் தமிழில் எழுதப்பட்டதன்று என்பதே என் குறை. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் மூன்றாம் மாதத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய காலம் பெரும்பாலும் பெண்களின் வாய்மொழியிலேயே தங்கிவிட்டது. தாய்வீட்டுத் திண்ணையில் அதைச் சொல்லிவந்த பாட்டிமார்கள் இன்று எல்லா வீட்டிலும் இல்லை. இருசக்கர வாகனத்திலும் பேருந்திலும் ஊர் ஊராகச் சென்று கருவுற்ற பெண்களைக் கவனித்த கிராம சுகாதாரச் செவிலியர்களின் நினைவுகள், மார்த்தாவின் நாட்குறிப்புக்கு எவ்விதத்திலும் குறைந்தவையாக இரா. அவர்கள் எழுத வேண்டும். எழுத இயலாதவர்கள் சொல்லக் கேட்டுப் பிறர் எழுத வேண்டும்.

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் கீழ் ஏழைத் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் வழங்கப்படுகிறது. எளிய தமிழில், பெரிய எழுத்தில், தாய்மாரும் செவிலியரும் தம் அனுபவங்களைச் சொல்லும் மெல்லிய நூலொன்றை அப்பெட்டகத்தில் சேர்க்கலாம். பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து மருந்தும் உடலுக்கு வலிமை தரும். பிரசவ அறைக்குள் நுழையும் பெண்ணின் மனத்துக்கும் வலிமை தேவை. அரசுக்கு அதனால் ஆகும் செலவு மிகச் சிறிது.