ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகத்தில் பல நிர்வாகிக் கணக்குகள்

ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகம் என்பது சர்வரில் உள்ள அகப்பக்கம், மின்னஞ்சல் பெட்டி, தரவுத்தளம், காப்பு நகல் எல்லாவற்றையும் உலாவி வழியாகவே பார்த்துக்கொள்ள உதவும் மென்பொருள். உள்ளே ஓடுவது எந்த மென்பொருளாக இருந்தாலும் பேச்சில் பலருக்கும் அது ‘சிபேனல்’தான். பலகத்தில் முழு அதிகாரமுள்ள கணக்கை நிர்வாகிக் கணக்கு, அதாவது அட்மின், என்பர். ஒரே சர்வரை நாலு பேர் கவனிக்கும்போது ஒரு மறைச்சொல்லையே நாலு பேரும் வைத்துக்கொள்வதா, ஆளுக்கொரு கணக்கு திறப்பதா என்பது இதில் எழும் முதல் கேள்வி.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இந்தக் கேள்வி பெரிய நிறுவனங்களைவிடச் சிறிய இடங்களில்தான் கூர்மையாக எழுகிறது. ஆலய நிர்வாகம், முன்னாள் மாணவர் சங்கம், இளைஞர் மணிமன்றம், சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ கடைவீட்டு மாடியில் பத்து வாடிக்கையாளரின் தளங்களை நடத்தும் சிறு நிறுவனம் என்று அவற்றைச் சொல்லலாம். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் மக்கள் பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று கலைந்தார்கள். பாடாங் செராய் வட்டாரத்தில் விக்டோரியா, ஹென்றியட்டா என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் சுமக்கின்றன. அங்கே படித்தவர்களோ எங்கெங்கோ இருக்கிறார்கள். திருவிழா அறிவிப்பை எழுதுபவர் பீடோங்கில் இருப்பார். சர்வர் நின்றுபோனால் எழுப்பிவிடுபவர் சிங்கப்பூரில் இருப்பார். இருவருக்கும் நடுவே மறைச்சொல் வாட்சப்பில் போய்வரும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் தெரியும். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, யார் எந்த நிரையில் என்ன வேலை செய்தார் என்று கிராணி பதிந்துவைக்கும் புத்தகம் அது. அதில் எல்லாருடைய வேலையும் ஒரே பேரில் விழுந்தால் சம்பள நாளில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பகிர்ந்த அட்மின் கணக்கும் அப்படித்தான். பலகத்தின் பதிவேட்டில் ‘அட்மின் நீக்கினார்’ என்றிருக்கும். எந்த அட்மின் என்று இருக்காது.

பலகத்துக்குப் பலகம் ஏற்பாடு மாறும். 1996இல் தொடங்கிய சிபேனலில் சர்வர் முழுவதற்குமான மேல்தளம் டபிள்யூஎச்எம். அங்கே சர்வரின் உச்ச அதிகாரமுள்ள ரூட் கணக்கிலிருந்து ஒருவருக்கு மறுவிற்பனையாளர் தகுதி தந்து, அவர் எதையெல்லாம் தொடலாம் என்று குறித்துவைக்கலாம். தனித் தளம் ஒன்றுக்குள் மின்னஞ்சல், தரவுத்தளம் என்று வேலைவாரியாக ஆட்களைச் சேர்க்க ‘டீம் மேனேஜர்’ பின்னாளில் வந்தது. டைரக்ட்அட்மினில் அட்மின், மறுவிற்பனையாளர், பயனர் என மூன்று படிகள் உண்டு; அட்மின் படியிலேயே பலரை அமர்த்தலாம்.

முதலில் எழுந்த கேள்விக்கு நேரடியாக விடைசொல்வது பிளெஸ்க் என்ற பலகம். அதில் ‘கூடுதல் நிர்வாகிக் கணக்கு’ என்றே ஒரு வசதி உண்டு. தொழில்நுட்ப உதவியாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயரும் மறைச்சொல்லும் கிடைக்கும். முதன்மை நிர்வாகி செய்யும் வேலைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அவரால் செய்ய முடியும். தடை மூன்றே: முதன்மை நிர்வாகியின் கணக்கு அமைப்புகளைத் தொட முடியாது; மற்றவர்களின் கூடுதல் கணக்குகளைப் பார்க்கவோ திறக்கவோ நீக்கவோ முடியாது; செயற்பதிவேட்டை அழிக்க முடியாது. இந்த மூன்றாவது தடையில்தான் ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது. செக்ரோலைக் கிழிக்கும் உரிமை, செக்ரோலில் பேர் விழுபவரிடம் இருக்கக்கூடாது.

பதிவேட்டில் ஒரு வரி எப்படியிருக்கும்? நாள், நேரம், செய்தவரின் பயனர்பெயர், எந்த ஐபி முகவரியிலிருந்து, என்ன மாற்றம் என்று இருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஒரு மின்னஞ்சல் பெட்டி நீக்கப்பட்டிருந்தால், பீடோங்காரரைக் கேட்பதா சிங்கப்பூர்க்காரரைக் கேட்பதா என்பது அந்த ஒரு வரியில் தெளிந்துவிடும். எத்தனை நாளைய பதிவுகள் இருக்க வேண்டும் என்பதையும் அமைப்பில் குறிக்கலாம். இதைக் குறுகலாக விட்டுவிட்டுப் பிறகு தேடுவோர் நிறைய.

ஆனால் கூடுதல் நிர்வாகி என்பது பெரிய அதிகாரம். செய்தி மட்டும் எழுதுகிற செயலாளருக்கு அதைக் கொடுப்பது, துரை பங்களாச் சாவியைப் பால்மரம் வெட்டப் போகிறவரிடம் கொடுப்பதுபோல. அவருக்குப் பிளெஸ்க்கில் அந்தத் தளத்தின் சந்தாவுக்குள்ளேயே பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து ‘வெப்மாஸ்டர்’ பொறுப்பைத் தரலாம். வேர்ட்பிரஸில் ‘எடிட்டர்’ கணக்கு இருந்தாலே பெரும்பாலும் போதும். இன்னொன்று, சர்வரின் ரூட் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரே கட்டளையில் பிளெஸ்க்குக்கு ஒருமுறை நுழைவு இணைப்பை உண்டாக்கி, மறைச்சொல்லே இல்லாமல் முதன்மை நிர்வாகியாக உள்ளே போய்விடலாம். பலகத்திலுள்ள பட்டியலை மட்டும் எண்ணிவிட்டு நிம்மதியடைவது சரியாகாது. எல்லா நிர்வாகிக் கணக்குகளுக்கும் இரட்டை உறுதிப்பாடு இருப்பதும் அவசியம்.

மலேசியச் சட்டமும் இதைத் தொடுகிறது. 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அனுமதியில்லா நுழைவுக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. பலர் கவனிக்காதது 6ஆம் பிரிவு: உரிமையில்லாதவரிடம் மறைச்சொல்லைத் தெரிவிப்பதே குற்றம், 25,000 ரிங்கிட் அல்லது 3 ஆண்டு வரை, அல்லது இரண்டும். வாடிக்கையாளர் தகவல் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு 2025 ஜூன் 1 முதல் இன்னொரு கடமையும் சேர்ந்தது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, தரவுக் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். எந்தக் கணக்கு வழியாகக் கசிந்தது என்றே தெரியாத நிறுவனத்துக்கு அந்த மூன்று நாள் போதாது.

சங்கங்களில் சிக்கல் வருவது ஆண்டுக்கூட்டத்துக்கு மறுநாள். புதிய செயலவை வங்கிக் கையெழுத்தை மாற்றும், முத்திரையை வாங்கிக்கொள்ளும், அகப்பக்கத்தை மறந்துவிடும். ஆளுக்கொரு கணக்கு இருந்தால் பழையவருடையதை நீக்கினாலே போதும், மற்றவர் வேலை நிற்காது. பகிர்ந்த மறைச்சொல்லாக இருந்தால் மாற்றி எல்லாருக்கும் மறுபடி சொல்ல வேண்டும், அதுவும் வாட்சப்பில்தான் போகும். முதன்மைக் கணக்கு மட்டும் எவருடைய தனிப்பட்ட மின்னஞ்சலிலும் இல்லாமல் சங்கத்தின் பெயரிலான முகவரியில் இருக்க வேண்டும். அந்த முகவரி அதே சர்வரில் இல்லாமலும் இருக்க வேண்டும்; சர்வர் முடங்கிய நாளில் மீட்புக் கடிதம் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமே.

கட்டுப்பாட்டுப் பலகத்துக்கு வெளியிலும் ஒரு சாவி உண்டு. மைனிக் நிர்வகிக்கும் ‘.மை’ பெயர்களில் பதிவுதாரர், நிர்வாகத் தொடர்பு, கட்டணத் தொடர்பு, தொழில்நுட்பத் தொடர்பு எனத் தனித்தனிப் பெயர்கள் பதிவாகின்றன. பலகத்தில் எத்தனை கணக்கைச் சீராகத் திறந்துவைத்திருந்தாலும், இவற்றில் பழைய செயலாளரின் முகவரியே நின்றுவிட்டால், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவருக்குத்தான் போகும்.