மிளகுக்கு விழுந்த பூட்டு

பாலக்காட்டுக் கோட்டையை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1766இல் ஹைதர் அலி கட்டியது. அதன் வரலாற்றில் மிளகுக்கும் ஒரு பங்கு உண்டு.

போர்க்காலத்தில் எதிரியின் வியாபாரத்தை முடக்குவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். ஸ்பெயின் மன்னர் கையில் போர்ச்சுகலும் இருந்த காலம். அவரை எதிர்த்துப் போரிட்ட டச்சுக்காரரின் கப்பல்களுக்கு 1585இலும் 1598இலும் தடை விழுந்தது. லிஸ்பனில் மிளகு வாங்கிப் பிழைத்தவர்கள் சும்மா இருப்பார்களா? விளையும் நாட்டுக்கே கப்பல் விட்டார்கள். 1602இல் கம்பெனி தொடங்கி, 1663இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியையே பிடித்துவிட்டார்கள்.

இதே ஆயுதத்தை இங்கே எடுத்தவர் திப்பு சுல்தான். 1784 மங்களூர் உடன்படிக்கைக்குப் பின், ஆங்கிலேயருக்கு மிளகு, ஏலம், சந்தனம் விக்கக் கூடாது என்று மலபார்த் துறைமுகங்களை அடைத்தார். ஆனால் தெற்கே ஒரு வாசல் திறந்தே கிடந்தது. இன்றைய இடுக்கியின் தொடுபுழைப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டிருந்த திருவிதாங்கூரில் மிளகு அரசின் தனி வியாபாரம். அது கம்பெனிக்குத் தொடர்ந்து விற்றது.

1789 டிசம்பரில் திப்பு திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கினார். மிளகு மட்டுமே காரணம் அல்ல என்றாலும், அந்தப் பகையில் அதற்கும் பங்குண்டு. 1790இல் பாலக்காட்டுக் கோட்டை ஆங்கிலேயர் வசமானது. 1792இல் மலபாரும் போயிற்று. விற்க மறுத்த நிலத்துக்கே அவர்கள் சொந்தக்காரர் ஆனார்கள்.

1800 முதல் மலபார் சென்னை மாகாணத்தில். அதனால்தான் 1956 வரை பாலக்காடும் கோயமுத்தூரும் ஒரே மாகாணம். நம்மை வெளிமாநிலத்தார் ஆக்கிய எல்லைக்கோடு அதற்குப் பிறகு வந்ததுதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.