அழற்சி மரபணுக்களும் அவற்றின் தடைகளும்: என்.எஃப். கப்பா பி ஆய்வின் வளர்ச்சி

காயமோ கிருமித்தொற்றோ நேர்ந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிப்பதையே மருத்துவம் அழற்சி என்கிறது. இம்மாற்றங்களின் பின்னணியில், அதுவரை அடங்கிக் கிடந்த ஏராளமான மரபணுக்கள் செயல்படத் தொடங்குகின்றன, அதாவது, டி.என்.ஏ.வில் பொதிந்துள்ள செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. இந்தப் படியெடுப்பைத் தூண்டும் உட்கருப் புரதங்களுள் முதன்மையானது என்.எஃப். கப்பா பி. இப்புரதத்தின் வரலாறு ஒரு தூண்டியின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. எனினும் ஆய்வுகளைக் கால வரிசையில் வைத்து நோக்கினால், தூண்டியைத் தேடிச் சென்றவர்கள் அடுத்தடுத்துக் கண்டறிந்தவற்றுள் பல தடைகளே என்பது புலப்படும்.

தேடல் தொடங்கியது அழற்சியில் அன்று. எதிர்ப்பொருளின் ஒரு பகுதியான கப்பா இலகு சங்கிலியின் மரபணு, எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்களில் மட்டும் படியெடுக்கப்படுவது ஏன் என்ற கேள்வியோடு, அமெரிக்காவில் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்ட்டிமோரும் 1986இல் அம்மரபணுவின் ஊக்கிப் பகுதியை ஆராய்ந்தனர். கதிரியக்கக் குறியிட்ட சிறு டி.என்.ஏ. துண்டை உட்கருச் சாற்றோடு கலந்து, மின்சாரம் பாயும் ஜெல்லில் ஓடவிட்டால், தனித்த துண்டு விரைந்து செல்லும்; புரதம் பற்றிக்கொண்ட துண்டு பின்தங்கி, படச்சுருளில் தனிப் பட்டையாகப் பதியும். அப்படிப் பதிந்த பட்டையே என்.எஃப். கப்பா பியின் முதல் தடயம்.

அதே ஆண்டில் வெளிவந்த அவர்களது அடுத்த கட்டுரைதான், வரலாற்று நோக்கில், கூடுதல் கவனத்துக்குரியது. பாக்டீரியாவின் வெளியுறையிலுள்ள லிப்போபாலிசாக்கரைடைக் கொடுத்ததும், பி செல்லின் முன்னோடிச் செல்களில், முன்பு காணப்படாத பட்டை தோன்றியது. புதிய புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடை அளித்தபோது பட்டை மறையும் என்றே எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் அந்த மருந்தே பட்டையைத் தோற்றுவித்தது, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதோ அது மேலும் வலுத்தது. ஆகவே அப்புரதம் செல்லுக்குள் முன்கூட்டியே இருந்திருக்க வேண்டும் என்பதும், அதை அடக்கி வைத்திருப்பது விரைவில் அழிந்து, ஓயாமல் புதுப்பிக்கப்பட வேண்டிய வேறொரு புரதமாக இருக்கக்கூடும் என்பதும் ஊகிக்கத்தக்கவையாயின.

1988இல் பாட்ரிக் பாயெர்லேயும் பால்ட்டிமோரும் இவ்வூகத்துக்கு உருவம் கொடுத்தனர். தூண்டப்படாத செல்களின் உட்கருவை விலக்கி, அதைச் சூழ்ந்த சைட்டோபிளாசத்தின் சாற்றில் பித்த உப்பு வகையைச் சேர்ந்த டீஆக்சிகோலேட்டைக் கலந்தபோது, இல்லாதிருந்த பட்டை ஜெல்லில் தோன்றியது. உட்கருவுக்குரியது எனக் கருதப்பட்ட புரதம், ஐ கப்பா பி என்னும் தடுப்புப் புரதத்தோடு பிணைந்து, உட்கருவுக்கு வெளியே காத்திருந்தது என்பதே இதன் பொருள்.

அடுத்த பத்தாண்டுகள் இந்த அமைப்பின் உறுப்புகளை இனங்காண்பதில் கழிந்தன. பழ ஈயின் கருவளர்ச்சியில் பங்குகொள்ளும் டார்சல் புரதத்தோடு என்.எஃப். கப்பா பிக்குள்ள உறவு 1990இல் தெரியவந்தது. தடுப்புப் புரதத்துக்கு யூபிக்விட்டின் என்ற சிறு புரதம் ஒட்டப்பட்டு, புரோட்டியசோம் என்ற சிதைப்பு அமைப்பில் அது அழிக்கப்படுவதும், அழிவுக்கு முன் அதில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் ஐ.கே.கே. நொதிகளும் 1997க்குள் வெளிப்பட்டன.

இடையில் 1993இல் அறியப்பட்ட ஒரு செய்தி எளியது, ஆயினும் ஆழமானது: என்.எஃப். கப்பா பி உட்கருவுள் நுழைந்து படியெடுக்கச் செய்யும் மரபணுக்களுள் ஒன்று, அதன் தடுப்பானான ஐ கப்பா பி ஆல்பாவினுடையதே. தூண்டல் தன் தடையைத் தானே உண்டாக்குகிறது. அத்தடுப்பான் அறவே இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகள் சில நாட்களிலேயே இறந்ததை 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. இச்சுழற்சியால் என்.எஃப். கப்பா பி உட்கருவுக்குள் போவதும் வெளியேறுவதுமாக அலைவதை 2002இல் அலெக்சாண்டர் ஹாஃப்மன் குழுவினர் கணித மாதிரியோடு விளக்கினர்.

ஆயினும் புரதம் உட்கருவை எட்டிவிட்டால் மரபணுக்கள் எல்லாம் ஒரே வேளையில் இயங்க வேண்டுமல்லவா? அப்படி நிகழவில்லை. சில மரபணுக்களின் முன்பகுதியில் அது உடனே அமர்வதையும், அழற்சிச் செய்தியைக் கடத்தும் இன்டர்லியூக்கின் 6 போன்றவற்றின் மரபணுக்களில் வெகுநேரம் கழித்தே அமர்வதையும் 2001இல் சைமோனா சக்கானி, ஜோயாக்கினோ நட்டோலி முதலியோர் பதிவு செய்தனர். டி.என்.ஏ. வெறும் இழையாக இல்லாமல், ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி நியூக்ளியோசோம் என்னும் உருண்டைகளாகச் சுருண்டிருப்பதால், தாமதமாக இயங்கும் மரபணுக்களில் அச்சுருள் நெகிழ்ந்த பிறகே தூண்டிக்கு இடம் கிடைக்கிறது. இந்த நெகிழ்வை நிகழ்த்தும் எஸ்.டபிள்யூ.ஐ./எஸ்.என்.எஃப். தொகுதியின் பங்கை 2006இல் ஸ்டீஃபன் ஸ்மேல் குழு காட்டிற்று. தடை என்ற சட்டகத்துக்கு முற்றும் அடங்காத சான்றும் உண்டு: தடுப்புப் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஐ கப்பா பி சீட்டா, உட்கருவிலேயே தங்கி, இன்டர்லியூக்கின் 6இன் படியெடுப்புக்குத் துணை நிற்கிறது என்று 2004இல் அறியப்பட்டது.

தடை ஒவ்வொரு மரபணுவிலும் தனித்தனியே வைக்கப்படக்கூடும் என்பதை 2007இல் சிம்மி ஃபாஸ்டர், டயானா ஹார்கிரீவ்ஸ், ருஸ்லான் மெட்ஷிட்டோவ் ஆகியோரின் ஆய்வு தெளிவாக்கியது. ஒருமுறை லிப்போபாலிசாக்கரைடைச் சந்தித்த, கிருமிகளை விழுங்கும் செல்களான மேக்ரோஃபேஜ்களுக்கு மறுமுறை அதையே அளித்தபோது, திசுவுக்குக் கேடு விளைக்கவல்ல அழற்சி மரபணுக்கள் அடங்கியே இருந்தன. கிருமிகளை நேரடியாகக் கொல்லும் புரதங்களின் மரபணுக்கள் மீண்டும் இயங்கின. ஐ.கே.கே.யை முடக்கி அழற்சியை அடக்கும் மருந்து அவ்விரு தொகுதிகளையும் பிரித்தறியாது. எனவே அதன் பிறகு ஆய்வாளர்கள் பலரின் நாட்டம், மரபணுவுக்கு மரபணு தடையை வேறுபடுத்தவல்ல, ஹிஸ்டோன்களில் பதியும் வேதிக்குறிகளின் பக்கம் திரும்பியது.