இரண்டு பட்டியலிலும் இடம்பெறும் பொருள்



கடத்தி, கடத்தாப் பொருள் என்று கரும்பலகையில் இரண்டு பட்டியல் போட்டுப் படித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இரண்டு பட்டியலிலும் இடம்பெறக்கூடிய ஒரு பொருளின் வரலாறு இது. சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

1911இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தைக் குளிர்வித்தார். 4.2 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், அதன் மின்தடை சட்டென்று மறைந்தது. இதுவே மீக்கடத்தி.

இந்த நிலையை வெளியிலிருந்து மின்னூட்டம் கொடுத்து மாற்ற முடியுமா? 1960இல் குளோவர், ஷெரில் இருவரும் வெள்ளீயம், இண்டியம் படலங்களில் முயன்றார்கள். மின்தடை மறையும் வெப்பநிலை நகர்ந்தது. ஆனால் ஒரு கெல்வினில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான்! உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஏராளம். ஏரியில் ஒரு குடம் நீர் ஊற்றினால் மட்டம் உயருமா?

குட்டையில் ஊற்றினால் உயரும். 1986இல் சுவிட்சர்லாந்தில் பெட்நார்ஸ், முல்லர் இருவரும் தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே நோபல் பரிசு. இவ்வகைப் பொருள்களில் மின்சாரத்தைச் சுமக்கும் துகள்கள் உலோகத்தைவிட மிகக் குறைவு. அதுதான் நம் குட்டை.

இனி, குடம். 1920இல் அமெரிக்காவில் ஜோசப் வலசெக் ரோஷெல் உப்பில் ஒரு விந்தையைக் கண்டார். மின்புலம் கொடுத்தால் அதன் உள் மின்முனைவு திசை திரும்பும். புலத்தை எடுத்த பிறகும் திரும்பியபடியே நிற்கும். இத்தகையவை ஃபெர்ரோ எலக்ட்ரிக் பொருள்கள்.

1999இல் ஜெனீவாவில் ஆன், ட்ரிஸ்கோன் குழுவினர் இரண்டையும் சேர்த்தார்கள். கடோலினியம் பேரியம் தாமிர ஆக்சைடின் மிக மெல்லிய படலத்துடன் லெட் சிர்கோனேட் டைட்டனேட் என்ற ஃபெர்ரோ எலக்ட்ரிக் அடுக்கை ஒட்டி வளர்த்தார்கள். முனைவு ஒரு திசையில் இருந்தால் படலத்துக்குள் மின்துகள்கள் சேரும், திருப்பினால் விலகும். மின்தடை மறையும் வெப்பநிலை சில கெல்வின் நகர்ந்தது. துகள்கள் மேலும் குறைந்த படலத்திலோ, ஒரு திசையில் மீக்கடத்தி. மறு திசையில் கடத்தாப் பொருள்! வேதி மாற்றம் எதுவும் இல்லை. திரும்பத் திரும்பச் செய்யலாம்.

1960இல் கிடைத்த சிறிய விடையை யாரும் தோல்வி என்று எண்ண வேண்டாம். அது ஏன் அத்தனை சிறியது என்ற காரணத்திலேயே அடுத்த வழியும் இருந்தது. உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: எதிர்பார்த்த விடை வராவிட்டால் உடனே அழிக்காதே, ஏன் என்று கேள்.